சந்தனக் கன்று வெளுக்கிறது, உரம் போட்டும் தேறவில்லை

உரத்தை நிறுத்திவிட்டு கன்றுக்குப் பக்கத்தில் ஒரு துணைச்செடி நடுங்கள். எட்டு மாதக் கன்று, சுற்றிலும் புல்கூட இல்லாமல் களை எடுத்த இடம், யூரியா போட்டும் இலை மஞ்சள் என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் அந்தச் சுத்தம்தான் காரணம்.

சந்தனம் பாதி ஒட்டுண்ணி. இலை பச்சையாக இருப்பதால் உணவைத் தானே தயாரித்துக்கொள்ளும், ஆனால் நீரையும் தாதுச் சத்தையும் பக்கத்துச் செடிகளின் வேரில் தன் உறிஞ்சுவேரைப் பதித்துத்தான் நிறைய எடுக்கும், அதனால் முதல் சில மாதம் விதைச் சேமிப்பில் நன்றாக வளர்ந்துவிட்டு அப்புறம் திடீரென்று நின்றுவிடும். நர்சரியில் பலர் இதைச் சொல்வதே இல்லை, அது எனக்கு வருத்தம்தான்.

1. கன்றின் ஓரத்தில் மண்ணை விரலால் மெதுவாக விலக்கிப் பாருங்கள். சந்தன வேர் வேறொரு வேரைத் தொடும் இடத்தில் சின்னக் குமிழ் போலத் தெரிந்தால் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.
2. எதுவும் இல்லையென்றால் அரை அடி தள்ளி பொன்னாங்கண்ணி அல்லது துவரை. நிழல் கட்டாதபடி துவரையைக் கவாத்து செய்யுங்கள்.
3. துவரை சீக்கிரம் முடிந்துவிடும், நீண்ட காலத்துக்கு சில அடி தள்ளி ஒரு சவுக்கு வையுங்கள்.

ஒன்று மட்டும்: தண்ணீர் தேங்கினாலும் இலை இப்படியே மஞ்சளாகும். குழியில் ஈரம் நிற்கிறதென்றால் முதலில் வடிகால், பிறகுதான் துணைச்செடி.