கால்நடை மருத்துவர் பதில்கள்: முள்கம்பி கிழித்த மட்டக்குதிரை

கேள்வி: கொடைக்கானல் ஏரிக்கரையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் மட்டக்குதிரை ஒன்று வைத்திருக்கிறேன். ஏழு வயதுப் பெட்டை. நான்கு நாட்களுக்கு முன் மேயப் போன இடத்தில் வேலி முள்கம்பி கிழித்து, பின்னங்கால் முட்டிக்குக் கீழே இரண்டு அங்குலக் காயம். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசினோம். நொண்டவில்லை, தீனியும் எடுக்கிறது. ஆனால் ஈ மொய்க்கிறது. வேறு என்ன மருந்து போடலாம், ஐயா?
– வாசகர், கொடைக்கானல்

பதில்: போட்டதை முதலில் கழுவி எடுங்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தத் தொழிலில் இருந்தவன் நான். "என்ன போடலாம்?" என்று கேட்காத குதிரைக்காரரைப் பார்த்ததில்லை, "எப்படிக் கழுவலாம்?" என்று கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சுண்ணாம்பு, காப்பித்தூள், அடுப்புச் சாம்பல், லாரிப் பட்டறைக் கரி எண்ணெய் என்று எல்லாவற்றையும் குதிரையின் காலில் பார்த்தாகிவிட்டது. சுண்ணாம்பு பச்சைப் புண்ணை வேகவைத்துவிடும். தூள் எதுவானாலும் அழுக்கை உள்ளே வைத்து மூடும். மேலே பொருக்கு காய்ந்திருக்கும், அடியில் சீழ் கோத்திருக்கும்.

ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து 9 கிராம் உப்பைக் கரைத்து ஆறவிடுங்கள். தலைதட்டிய ஒன்றரைத் தேக்கரண்டி போதும். ஈரத் துணியைக் காயத்தின் மேல் வைத்துக்கொண்டு சுற்றியுள்ள மயிரைக் கத்தரியுங்கள். துணி இல்லாவிட்டால் வெட்டிய மயிரெல்லாம் புண்ணுக்குள்தான் போகும். பிறகு 20 மில்லி சிரிஞ்சில் உப்புநீரை எடுத்துப் பீய்ச்சுங்கள். லிட்டர் முழுவதும் தீரட்டும். பஞ்சால் தேய்க்க வேண்டாம். காலுக்கு நேர் பின்னால் நிற்கவும் வேண்டாம். ஒருவர் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு கைப்பிடி கொள்ளு கொடுத்துக்கொண்டிருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

பொவிடோன் அயோடின் வாங்கினால் புட்டியிலிருந்து அப்படியே ஊற்றாதீர்கள். பத்து சதவீதக் கரைசலில் 10 மில்லியை ஒரு லிட்டர் சுத்தமான நீரில் கலந்தால், பால் விடாத வெளிர் தேநீரின் நிறம் வரும். அதுதான் அளவு. ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைப்பதைப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். அது புதிதாக வளரும் சதையையும் சேர்த்து அரிக்கும்.

கழுவிய பிறகு நன்றாக உற்றுப் பாருங்கள். எலும்போ வெள்ளை நரம்புக் கயிறோ தெரிகிறதா? முட்டையின் வெள்ளைக்கரு போல, விரலில் தொட்டால் நூலாக இழுபடும் மஞ்சள் நீர் கசிகிறதா? அப்படியானால் காயம் ஆழமானது, மூட்டுக்குள்ளேகூடப் போயிருக்கலாம். அன்றைக்கே மருத்துவர் வர வேண்டும். தொடையில் ஒரு சாண் கிழிசலைவிட, மூட்டருகே பட்டாணி அளவு துளைக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். பணியின் தொடக்கத்தில் அப்படி ஒரு துளையைப் பார்த்து, "சின்னதுதானே" என்று நானே சொல்லியிருக்கிறேன். பத்தாம் நாள் அந்தக் குதிரை காலை ஊன்றவில்லை.

உங்கள் குதிரை நொண்டவில்லை என்பது நல்ல செய்தி. ஆனால் தையல் போடும் நேரம் கடந்துவிட்டது. ஆறு, எட்டு மணி நேரத்துக்குள் காட்டியிருந்தால் தைத்திருப்பார்கள். இனி உள்ளிருந்து சதை வளர்ந்துதான் மூட வேண்டும். வில்லங்கமும் அங்கேதான். முட்டிக்குக் கீழே குதிரைக்குத் தசை கிடையாது. தோல், அடியில் நரம்புக் கயிறு, எலும்பு, அவ்வளவுதான். அந்த இடத்துப் புண்ணில் சதை தோல் மட்டத்தையும் தாண்டிச் சிவப்பாகப் பொங்கி நிற்கும். விளிம்பிலிருந்து தோல் அதன் மேல் ஏற முடியாது. அப்போது மயில்துத்தம் வைத்துச் சுடச் சொல்வார்கள். வேண்டாம், விளிம்பில் அரும்பும் புதுத்தோலும் சேர்ந்து கருகிவிடும். மருத்துவர் கத்தியால் மட்டம் செய்வார். இரத்தம் நிறைய வரும், ஆனால் அந்தச் சதையில் உணர்ச்சி நரம்பு இல்லாததால் வலிக்காது. பெரிய குதிரைகளைவிட மட்டக்குதிரைக்குப் புண் நன்றாக ஆறும், அந்த வகையில் உங்களுக்கு அதிர்ஷ்டம்.

ஈக்கு வேப்பெண்ணெயைப் புண்ணைச் சுற்றி மயிரில் தடவுங்கள். புண்ணுக்குள் விட வேண்டாம். கட்டுப் போட்டால் பஞ்சைத் தடிமனாக வைத்து, ஒரு விரல் நுழையும் தளர்வில் சுற்றி, தினமும் மாற்றுங்கள்.

கடிதத்தில் நீங்கள் சொல்லாத ஒன்று, ரணஜன்னி (டெட்டனஸ்) தடுப்பூசி. குற்றவாளி துருப்பிடித்த கம்பி என்று எல்லோரும் நினைக்கிறார்கள். கிருமி இருப்பது மண்ணிலும் குதிரைச் சாணத்திலும். வீட்டுப் பிராணிகளில் குதிரையைப் போல இந்த நோய்க்கு எளிதில் பலியாவது வேறில்லை. காது விறைத்து, வால் சற்றுத் தூக்கி, நான்கு காலும் அகன்று மரக்குதிரை போல நிற்கும். கண்ணின் உள்மூலையிலிருந்து வெள்ளைச் சவ்வு குறுக்கே பாயும். அந்த நிலையில் கொண்டுவந்தவற்றில் பெரும்பாலானவற்றை என்னால் காப்பாற்ற முடியவில்லை. நோய் தெரியப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று வாரமாகும் என்பதால் இன்னும் நேரம் இருக்கிறது. கடைசி ஊசி போட்டு ஆறு மாதம் கடந்திருந்தால் மறு ஊசி. போட்டதே இல்லையென்றால் எதிர்நச்சு மருந்தும் வேண்டும். நாளைக் காலையே கால்நடை மருத்துவமனைக்கு நடத்திச் செல்லுங்கள். மனிதருக்கான ரணஜன்னி எதிர்நச்சு மருந்தைப் பல பத்தாண்டுகள் குதிரை இரத்தத்திலிருந்துதான் எடுத்தார்கள். அந்தக் கடனுக்காவது ஓர் ஊசி போடலாம்.

கேள்வி: எங்கள் குதிரைக்குச் சேணம் உராய்ந்து முதுகில் புண். களிம்பு தடவி, மேலே இரட்டைக் கம்பளி போட்டு ஓட்டலாமா?
– வாசகி, அந்தியூர்

பதில்: கூடாது, அம்மா. புண் ஆறி மயிர் முளைக்கும் வரை முதுகில் எதுவும் ஏறக் கூடாது. கம்பளியை இரட்டிப்பாக்கினால் அழுத்தமும் கூடும். சேணத்தைக் கவிழ்த்து, புண்ணுக்கு நேராக எந்த இடம் தடித்திருக்கிறது என்று கையால் தடவிப் பாருங்கள். வியர்வை காய்ந்து உப்பேறிய திட்டு ஒன்று அகப்படும். ஆறிய இடத்தில் மயிர் வெள்ளையாக முளைத்தால் பயப்பட வேண்டாம், அது போகாது.

கேள்வி: பொருக்கைப் பிய்த்துப் பார்த்தால்தானே உள்ளே ஆறியிருக்கிறதா என்று தெரியும்?
– வாசகர், உதகை

பதில்: சுற்றிலும் வீக்கம், சூடு, நாற்றம் இருந்தால் நனைத்து ஊறவைத்து எடுங்கள். மூன்றும் இல்லையென்றால் கையைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.