உப்பை எங்கே நிறுத்தி எடுப்பது?

கேள்வி: வாலிநோக்கம் கரையில் ஒரு லிட்டர் கடல் தண்ணீர் மொண்டு வந்து பள்ளி ஆய்வகத்தில் வற்றக் காய்ச்சினோம். பாதியிலேயே ஏதோ வெள்ளையாக அடியில் படிந்தது. கடைசியில் கிடைத்த உப்பு கசக்கிறது, மறுநாளே நசநசத்தும் போயிற்று. எங்கே தவறினோம்?
– ஆசிரியை, சாயல்குடி

பதில்: கடைசிச் சொட்டு வரை வற்றவிட்டதுதான் தவறு. உப்பளத்தில் அப்படிச் செய்யமாட்டார்கள். பாத்தி நீர் 25 டிகிரி போமேயை (இது சூடு அல்ல, கரைசலின் அடர்த்தியைச் சொல்லும் அளவு) தொட்டதும் உப்பு விளையத் தொடங்கும். 29, 30 ஆனதும் மிச்ச நீரை வெளியேற்றிவிடுவார்கள். கசப்பெல்லாம் அந்த மிச்சத்தில் இருக்கும் மெக்னீசியம் உப்புகள்தான். அவற்றில் மெக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுக்கும். கடற்கரைக் காற்றில் கேட்கவே வேண்டாம்.

ஒரு லிட்டரில் சுமார் 35 கிராம் உப்புகள் உண்டு. நீர் பாதியாகும்போது கால்சியம் கார்பனேட்டும், 200 மி.லி. அளவில் ஜிப்சமும் படியும். நீங்கள் பார்த்த வெள்ளை அதுதான். 100 மி.லி.க்குச் சற்று மேலே இருக்கும்போதே சூட்டோடு வடிகட்டிப் பீங்கான் கிண்ணத்துக்கு மாற்றுங்கள். கிண்ணத்தை நீர் கொதிக்கும் பீக்கர் மேல் வைத்து ஆவியில் வற்றவிடுங்கள். நேரடித் தீயில் கெட்டியான கரைசல் பட்பட்டென்று தெறிக்கும், கண்ணுக்கு ஆபத்து. 40 மி.லி.யில் நிறுத்தி வடியுங்கள். வடிதாளில் தங்கிய உப்பை, தெவிட்டிய (இனி உப்பு கரையாது என்கிற அளவுக்குக் கரைத்த) சுத்த உப்புக் கரைசல் 10 மி.லி. விட்டு இருமுறை கழுவுங்கள். வெறும் தண்ணீரில் கழுவினால் ஒவ்வொரு 10 மி.லி.யும் மூன்றரை கிராம் உப்பைக் கரைத்துக்கொண்டு போய்விடும். 20 கிராம் தேறினால் நல்ல கைவேலை. ஒன்று மட்டும்: ஆய்வகக் கிண்ணத்தில் எடுத்த எதையும் பிள்ளைகளை ருசி பார்க்க விடாதீர்கள்.

கேள்வி: மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலை வற்றவைத்தால் நீலம் போய் வெள்ளைப் பொடியாகிறதே?
– கல்லூரி மாணவர், கீழக்கரை

பதில்: நீலப் படிகத்தில் ஒவ்வொரு காப்பர் சல்பேட்டோடும் 5 நீர் மூலக்கூறுகள் சேர்ந்திருக்கும். சூடு அதையும் விரட்டிவிட்டது. பொடியில் ஒரு சொட்டு நீர் விட்டுப் பாருங்கள், நீலம் திரும்பும், கிண்ணமும் சுடும்.

சோற்றுப்பு சூட்டிலும் குளிரிலும் ஏறக்குறைய ஒரே அளவு கரைவதால் வற்றவைத்தே ஆகவேண்டும். மயில்துத்தம் ஆறினாலே பிரியும். கரைசலில் நீர்த்த கந்தக அமிலம் சில சொட்டு விட்டு (இல்லையென்றால் கலங்கும்) மெல்லச் சூடாக்குங்கள். அவ்வப்போது கண்ணாடித் தண்டை முக்கி எடுத்து ஊதுங்கள். நுனியில் படிகம் பூத்ததும் அடுப்பை அணைத்து, கிண்ணத்தை மூடி, ராத்திரி முழுக்க அசைக்காமல் விடுங்கள். அவசரப்பட்டு ஐஸில் வைத்தால் பொடிதான் கிடைக்கும். படிகங்களை வடிதாள்களுக்கிடையே ஒற்றி உலர்த்துங்கள், தீயில் காட்டாதீர்கள். மிச்ச நீலக் கரைசலைப் பாட்டிலில் ஊற்றி அடுத்த முறைக்கு வையுங்கள். வாய்க்காலில் கொட்டிவிடாதீர்கள், செம்பு மீன்களுக்கு நஞ்சு.