ஒத்திகையில் ஒரு பிழையும் இல்லையா?

ஐயா,

சிவில் இன்ஜினியரிங் முடித்துவிட்டேன். பேரிடர் மேலாண்மையில் முதுகலை சேர ஆசை. எங்கே சேரலாம்? அரசு வேலை கிடைக்குமா? வெளிநாட்டில் படித்தால்தான் மதிப்பா? எங்கள் கல்லூரியில் நிலநடுக்க மாக் டிரில் நடத்தினோம். மணி அடித்த நொடியே எல்லோரும் இறங்கத் தொடங்கி, 12 நிமிடத்தில் மைதானத்துக்கு வந்துவிட்டார்கள். ஒரு பிழைகூட இல்லை.

க., கடலூர்

அன்புள்ள க.,

2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம் எல்லாம் பார்த்த ஊர்ப் பிள்ளை நீங்கள். இந்த ஆசையை விட்டுவிடாதீர்கள். வேலை, வெளிநாடு பற்றிய கவலையெல்லாம் பிறகு.

ஆனால் பிழையே இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்துக் கோபம்தான் வந்தது. நிலநடுக்கம் என்றால் அதிர்வு நிற்கும்வரை மேசைக்கடியில் தலையைக் காத்துக்கொண்டு இருக்க வேண்டும். மணி அடித்ததும் படிக்கட்டுக்கு ஓடியதே முதல் பிழை. ஒரு படிக்கட்டை அடைத்துவைத்துப் பார்த்தீர்களா? சக்கர நாற்காலி மாணவரை மாடியிலிருந்து யார் இறக்கினார்கள்? ஆய்வகத்தின் கேஸ் வால்வை யார் மூடினார்கள்? மைதானத்தில் தலை எண்ணினீர்களா?

பாடத்தில் இருப்பதைப் படித்துக்கொள்ளலாம். கலிஃபோர்னியாவில் 1970 காட்டுத்தீக்குப் பின் உருவான, பேரிடரில் யார் யாருக்கு உத்தரவிடுவது என்ற கட்டளை முறையைத் தழுவித்தான் நம் தேசிய பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. ஒருவருக்குக் கீழே 3 முதல் 7 பேர், 5 பேர் என்றால் நல்லது. இதெல்லாம் ஒரு மாலையில் பிடிபட்டுவிடும். பிடிபடாதது டேபிள்டாப் பயிற்சி: ஒரு பேரிடரை மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேச்சிலேயே நடத்திப் பார்ப்பது. அதை ஒழுங்காக நடத்துபவர்கள் குறைவு.

சென்னைக்குப் பக்கத்துச் செம்பரம்பாக்கம் ஏரியையே எடுத்துக்கொள்வோம். முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 2015 டிசம்பர் 1 அன்று வினாடிக்கு 29,000 கன அடி திறந்ததாக அரசுக் கணக்கு. நீர்வளத் துறை, வருவாய், காவல், மின்வாரியம், சுகாதாரம், உள்ளாட்சி என்று மேசையைச் சுற்றி உட்கார வையுங்கள். மூன்று மணி நேரத்துக்கு 12 செய்திச் சீட்டுகள் போதும். ஒவ்வொன்றிலும் நேரம், அனுப்புபவர், பெறுபவர், செய்தி. நடத்துபவரிடம் மட்டும் இன்னொரு தாள்: எந்தச் சீட்டுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது அதில் இருக்கும். வாய் திறக்காமல் குறிப்பெடுக்க இருவர். மாலை 5 மணிக்கு நீர்வரத்து கூடுகிறது. 5.40-க்குச் செல்போன் கோபுரம் போகிறது. 6.10-க்கு ஒரு மருத்துவமனை கூப்பிடுகிறது: ஜெனரேட்டர் தரைக்குக் கீழ்த் தளத்தில், வென்டிலேட்டரில் நோயாளிகள்.

பெரும்பாலான பயிற்சிகள் கெட்டுப்போவது இங்கேதான். "தாழ்வான பகுதி மக்களுக்குத் தகவல் தெரிவிப்போம்" என்பார் ஒருவர். எல்லோரும் தலையாட்டி அடுத்த சீட்டுக்குப் போய்விடுவார்கள். போகவிடக் கூடாது. யார் தெரிவிப்பார்? எந்த எண்ணில்? அந்த எண்ணை மேசையிலேயே, அப்போதே அழைக்கச் சொல்லுங்கள். திட்டத்தில் இருக்கும் பெயருக்குரியவர் மாற்றலாகிப் போயிருப்பார். எண் சரியாக இருந்தாலும், 29,000 கன அடி என்ற கணக்கை வைத்துக்கொண்டு வி.ஏ.ஓ. என்ன செய்வார்? எந்தத் தெருவில், எத்தனை மணிக்கு, முழங்கால் அளவா இடுப்பளவா என்று அவருக்குத் தெரிய வேண்டும். பொறியாளர் சொல்லும் கன அடியைத் தெருவாக மாற்றிச் சொல்ல மேசையில் ஒருவரும் இல்லையென்றால், பயிற்சி கண்டுபிடித்த பெரிய ஓட்டை அதுதான். நீங்கள் சிவில் படித்தவர். அந்த வேலைக்கு உங்களைப் போன்றவர்கள்தான் வேண்டும்.

பெரிய அதிகாரி முதலில் பேசினால் மற்றவர்கள் வாயடைத்துப்போவார்கள். அவரைக் கடைசியில் பேசச் சொல்லுங்கள். முடிந்த கையோடு அரை மணி நேரம் குறைகளைப் பேசி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர், ஒரு தேதி. பிறகு அதே சீட்டுகளோடு மறுபடி.

எங்கே சேரலாம் என்று கேட்டீர்கள். எந்தக் கல்லூரியானாலும், பணம் கட்டும் முன் அவர்கள் கடைசியாக நடத்திய டேபிள்டாப் அறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள். குறைப் பட்டியல் இல்லாத அறிக்கையை நீட்டினால் வேறு இடம் பாருங்கள்.