சமையலும் தன்னார்வப் பணியுமாக வாழ்ந்து மறைந்த அம்மாவைப் பற்றி என்ன எழுதுவது?

"அம்மா இறந்து மூன்று வாரம் ஆகிறது. வேலைக்குப் போனதில்லை, விருது வாங்கியதில்லை. வீட்டில் சமைத்தார், வாரம் ஒருநாள் வெளியே போய் உதவி செய்தார். நினைவுக் குறிப்பு எழுத உட்கார்ந்தால் எதுவுமே வரவில்லை" என்று கேட்டிருக்கிறீர்கள். என் அம்மாவும் ஏறக்குறைய இதே கணக்குதான். நான் முதலில் "அன்பின் உருவம், பொறுமையின் சிகரம்" என்றெல்லாம் எழுதி அக்காவிடம் காட்டினேன். படித்துவிட்டு, "இது யாரைப் பத்திடா?" என்றாள். நியாயமான கேள்வி. அம்மாவுக்குப் பொறுமை என்பதே கிடையாது. அவர் சமைக்கும்போது அடுப்படிக்குள் யார் நுழைந்தாலும் கரண்டியாலேயே வாசலைக் காட்டுவார்.

அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு அவருடைய நோட்டுகளை எடுத்தேன். மூன்று நோட்டு. வீட்டுச் சமையலுக்கு அம்மா எதையும் அளந்ததில்லை, எழுதியதும் இல்லை. எல்லாம் கண்ணளவு, கையளவு. ஆனால் வியாழக்கிழமைகளில் முதியோர் இல்லம் ஒன்றுக்குச் சமைக்கப் போவார். அங்கே 40 பேர். அதற்கு மட்டும் கணக்கு எழுதியிருக்கிறார். எங்களுக்குப் பிடித்த ஒரு அயிட்டம் அந்த நோட்டில் இருந்தது. (பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் அதைச் செய்வது இப்படியா அப்படியா என்று கீழே சண்டை வரும்.)

நாலு பேருக்கு வேண்டும், எனவே எல்லாவற்றையும் பத்தால் வகுத்தேன். வெங்காயம் 2 கிலோ என்றால் 200 கிராம். தண்ணீர் 8 லிட்டர் என்றால் 800 மில்லி. பாதி நேரத்திலேயே தண்ணீர் வற்றி, அடிப்பிடித்து, வீடெல்லாம் புகை.

அப்புறம்தான் உறைத்தது. தண்ணீர் ஆவியாவது பாத்திரத்தின் வாயைப் பொறுத்தது. பத்து மடங்கு கொள்ளும் பாத்திரம் அதே வடிவத்தில் இருந்தால், அதன் வாயின் பரப்பு சுமார் நாலரை மடங்குதான். அதனால் சின்னப் பாத்திரத்தில் இருக்கிற தண்ணீருக்கு ஆவியாகிப் போவது அதிகம். வகுத்து வந்த அளவுக்கு மேலே கொஞ்சம் ஊற்றவேண்டும், தீயையும் தணிக்கவேண்டும். இன்னொரு கூத்து: "வெங்காயம் 4 தடவையாக" என்று எழுதியிருந்ததைப் பார்த்து, நானும் 50 கிராம், 50 கிராமாக நாலு முறை வதக்கினேன். மொத்தமாகக் கொட்டினால் வெங்காயம் விடும் தண்ணீரிலேயே வெந்துபோகும், சிவக்காது. அதற்காக அவர் பிரித்து வதக்கியிருக்கிறார். 200 கிராமுக்கு அந்தக் கவலையே இல்லை.

ஆனால் நோட்டில் என்னைப் பிடித்து உட்கார வைத்தது ஓரத்தில் எழுதியிருந்த குறிப்புகள். "43 பேர். மூணு பேருக்குப் பல் இல்லை, தனியாக மசித்தது." "ஜன்னலோரப் பெரியவர் உப்பே இல்லை என்கிறார். கூட்டக் கூடாது." அடுத்த வாரம்: "மறுபடியும் உப்பு என்கிறார்." அதற்கு அடுத்த வாரம்: "எலுமிச்சை பிழிந்தேன். பேசாமல் சாப்பிட்டார்." வயதாக ஆக நாக்கும் மூக்கும் மந்தமாகிவிடும், அதனால் முதியவர்களுக்கு எல்லாமே சப்பென்று தெரியும். ரத்த அழுத்தம் இருப்பவருக்கு உப்பைக் கூட்டவும் முடியாது. நல்ல உடம்புக்காரருக்கே உலக சுகாதார நிறுவனம் நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாகத்தான் சொல்கிறது, அதாவது ஒரு தேக்கரண்டிகூட இல்லை. இதையெல்லாம் நான் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டேன். அம்மா அந்த ஒரு பெரியவரோடு மூன்று வாரம் மல்லுக்கட்டித் தெரிந்துகொண்டிருக்கிறார்.

ஒரு நாள் உணவை எடுத்துப்போக வந்த வண்டி மூன்று மணி நேரம் தாமதம். சூடு பண்ணிக் கொடுத்துவிடலாம் என்று எல்லாரும் சொல்லியும் கேட்காமல், அம்மா அத்தனையையும் கொட்டச் சொல்லிவிட்டார். சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக்கூடாது. பரிமாறும்வரை 60 டிகிரிக்குக் குறையாமல் சூடாக இருக்கவேண்டும். சில கிருமிகள் விடும் நஞ்சு திரும்பக் கொதிக்க வைத்தாலும் போகாது. விதி என்னவோ சரிதான். ஆனால் உதவிக்கு வந்த பெண் அழுதுவிட்டார், அவரைச் சமாதானப்படுத்த அம்மாவுக்குத் தோன்றவில்லை. திரும்பவும் முதலிலிருந்து சமைக்கத் தொடங்கிவிட்டார். இதை எழுதலாமா என்று யோசித்தேன். எழுதினேன். நீங்களும் உங்கள் அம்மா சிடுசிடுத்ததை எழுதுங்கள், அப்போதுதான் படிக்கிறவர்களுக்கு அவர் முகம் தெரியும்.

எனக்கு அந்த வியாழக்கிழமைகள் மேல் கோபம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். என் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்தது ஒரு வியாழக்கிழமை. மார்க்கைச் சொல்ல ஓடிவந்தால் வீடு பூட்டியிருந்தது. ஜன்னலில் சாவியும் ஒரு சீட்டும். "சாப்பிட்டுவிட்டுப் படு. சாயங்காலம் கேட்கிறேன்." பல வருடம் சொல்லிக் காட்டியிருக்கிறேன். அன்றைய பக்கத்தை நோட்டில் தேடினேன். 41 பேர் என்று இருந்தது, கீழே என் மார்க்கும். கூட்டல் கணக்கு மாதிரி ஒரு கோடு போட்டு எழுதியிருந்தார்.

சரி, உங்களுக்கு நடைமுறையில் உதவுகிற மாதிரி ஒன்றிரண்டு. போனில் அவர் அனுப்பிய குரல் செய்திகள் இருந்தால் இன்றைக்கே வேறு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள். போன் மாற்றும்போதுதான் அவை தொலையும். அடுத்தது, அவர் உதவப் போன இடத்துக்கு நேரில் போங்கள். "அம்மா எப்படிப்பட்டவர்" என்று கேட்டால் "தங்கமான மனுஷி" என்பார்கள், அதோடு முடிந்தது. "வந்ததும் முதலில் என்ன செய்வார்?" என்று கேளுங்கள். என் அம்மா வந்ததும் முதலில் எல்லாக் கத்திகளையும் எடுத்துத் தீட்டுவாராம். இத்தனை வருடத்தில் எங்கள் யாருக்கும் தெரியாது.

அவருடைய சமையல் கைத்துண்டு ஒன்றை மடித்து ஒரு டப்பாவில் மூடி வைத்திருந்தேன். மற்றப் புலன்களைப் போலச் சுற்றி வராமல், வாசனை மூளையில் நினைவும் உணர்ச்சியும் இருக்கிற பக்கத்துக்கு நேரே போய்விடும் என்பார்கள். முதல் சில மாதம் திறந்தால் தொண்டை அடைக்கும். இப்போது வெறும் துணி வாசனைதான். அடிக்கடி திறந்தது என் தப்பு.

எங்கள் வீட்டுப் பாத்திர மூடிகளில் எல்லாம் சிவப்பு நகப்பூச்சில் ஒரு புள்ளி இருக்கும். வெளியே போகிற பாத்திரம் திரும்பி வரவேண்டும் என்று அம்மா வைத்த அடையாளம். அவர் போன பிறகு, இல்லத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பெரிய மூடி ஒன்று மட்டும் இன்னும் வரவில்லை. நானும் கேட்கவில்லை.