“மம்மி, டோன்ட் டச்”

வணக்கம் அக்கா. போன வருடம் என் 3 வயது மகன் நிமோனியாவில் 9 நாள் ஐசியுவில், வென்டிலேட்டரில் இருந்தான். இப்போது நன்றாக இருக்கிறான். ஆனால் முதல் நாள் அவன் கையைப் பிடிக்கப் போனபோது ஒரு தாதி, “மம்மி, டோன்ட் டச்” என்றது இன்னும் ஆறவில்லை. பிள்ளையைக் காப்பாற்றியவர்கள்மேல் கோபப்படுவது நன்றிகெட்டத்தனமா?
ஓர் அம்மா, ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள தங்கைக்கு,

இல்லவே இல்லை. என் மகளுக்கு 4 வயதில் மூளைக்காய்ச்சல் வந்தபோது 11 நாள் நானும் அப்படி நின்றிருக்கிறேன். ஊட்டிய கை, குளிப்பாட்டிய கை, செய்ய ஒன்றுமில்லாமல் தொங்கும். பிள்ளையின் முகத்தை விட்டுவிட்டு மானிட்டர் எண்ணையே பார்த்துக்கொண்டிருப்போம்.

அந்தத் தாதிக்குக் காரணம் இருந்திருக்கும். சின்னப் பிள்ளைக்கு மூச்சுக்குழாயில் போட்ட டியூப் கொஞ்சம் நகர்ந்தாலும் ஆபத்து. மயக்கம் தெளிகிற நேரமென்றால் தொட்டதும் திமிறும். அதை உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். எங்கே தொடலாம் என்றும் காட்டியிருக்க வேண்டும். அரை நிமிட வேலை. இங்கிலாந்தில் பெற்றோரை வார்டுக்குள் தாராளமாக விடவேண்டும் என்று அரசு அமைத்த பிளாட் குழு எழுதியதே 1959இல்தான். அதுவரை அங்கே பெரும்பாலான இடங்களில் பெற்றோர் வெளியாள். நம் தாதிமையும் அந்த பிரிட்டிஷ் வழியில் வந்ததுதானே.

எங்களுக்கு இரவு ஷிப்டில் ஒரு பிலிப்பினோ தாதி. மயக்கத்தில் கிடந்த என் பிள்ளையிடம் பேசிவிட்டுத்தான் குழாய் விட்டுச் சளி உறிஞ்சி எடுப்பார். உங்கள் மொழியில் என்ன சொல்லலாம் என்று கேட்டார். “வலிக்காது கண்ணு” என்று சொல்லிக்கொடுத்தேன். அர்த்தம் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். வலிக்குமே, பிள்ளையிடம் ஏன் பொய் சொல்லவேண்டும்? மாற்றிச் சொன்னேன். “கொஞ்சம் வலிக்கும் கண்ணு” என்று பிளாஸ்திரித் துண்டில் ஆங்கில எழுத்தில் எழுதி, கட்டில் கம்பியில் ஒட்டிக்கொண்டார். பிறகு ஈரப் பஞ்சுக் குச்சியை என் கையில் கொடுத்து, “லிப்ஸ், மம்மி’ஸ் ஜாப்” என்றார். வெடித்துக் கிடந்த உதட்டை நனைத்து வாசலின் தடவினேன். அன்றைக்குத்தான் எனக்குச் சோறு இறங்கியது.

மருத்துவமனைக்கு எழுதுங்கள், தங்கை. பெயர் தெரியாவிட்டாலும் தேதியும் ஷிப்டும் போதும். கோபத்தையும் எழுதுங்கள், நல்லபடி பார்த்த தாதியையும் எழுதுங்கள். முதல் நாளே கட்டில் கம்பியை இறக்கிவிட்டு, எந்தப் பக்கம் நிற்கலாம், எந்தக் கையைப் பிடிக்கலாம் என்று பெற்றவர்களுக்குக் காட்டச் சொல்லுங்கள்.