வாகனக் கேள்வி பதில்: கியர்பாக்ஸ் எண்ணெய் ஏன் வெளியே வருகிறது?

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து ஜோகூரில் ஒரு டிராக் ரேஸ் (நேர்கோட்டு வேகப் பந்தய) கார் வைத்திருக்கிறோம். டொயோட்டாவின் டூஜேசட் (2JZ) இன்ஜின், இரண்டு கியர் கொண்ட பவர்கிளைடு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ், புறப்படும் வரை காரைக் கியர்பாக்ஸாலேயே பிடித்து நிறுத்தும் டிரான்ஸ்பிரேக் உண்டு. டிப்ஸ்டிக்கில் (அளவு பார்க்கும் கம்பியில்) எண்ணெய் 'ஃபுல்' கோட்டில்தான் நிற்கிறது. ஆனாலும் ஒவ்வோர் ஓட்டத்திலும் மேலே உள்ள காற்றுத்துளை வழியாகச் சிவப்பு எண்ணெய் கொட்டுகிறது. என்ன செய்யலாம்?
*— உட்லண்ட்ஸ் வாசகர்*

பதில்: எண்ணெய் எந்த நேரத்தில் வருகிறது என்பதை முதலில் கவனியுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

பந்தயம் புறப்படும் கோட்டில் கார் நிற்கும்போதே, டிரான்ஸ்பிரேக் பிடித்திருக்கையில் வந்தால், எண்ணெய் அதிகம் ஊற்றியிருக்கிறீர்கள், அல்லது அது நுரைக்கிறது. ஓட்டம் முடிந்து பிரேக் போடும்போது வந்தால், எண்ணெய் முன்பக்கம் பாய்ந்து, பம்ப் அருகே இருக்கும் துளைக்குப் போகிறது. காரை நிறுத்தி இன்ஜினை அணைத்த சில நிமிடங்களில் வடிந்தால், கன்வர்ட்டரிலிருந்து (இன்ஜினின் சக்தியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் பாகம்) எண்ணெய் கீழே இறங்கி, ஏற்கெனவே நிரம்பிய பானில் (கியர்பாக்ஸின் அடித்தட்டில்) சேர்கிறது.

'ஃபுல்' என்று எப்போது பார்த்தீர்கள்? இன்ஜின் ஓடாதபோது பார்க்கும் அளவு எதற்கும் உதவாது. கன்வர்ட்டர், கூலர், குழாய்கள் எல்லாம் நிரம்பிய பிறகு பானில் என்ன மிச்சம் இருக்கிறதோ, அதுதான் அளவு. சமதளத்தில் நிறுத்தி, எண்ணெய் 80 டிகிரி செல்சியசுக்குச் சூடேறிய பின், எல்லா கியரிலும் ஒருமுறை போட்டுவிட்டு, நியூட்ரலில் இன்ஜின் ஓடும்போது பாருங்கள். 

அடுத்து, அந்த டிப்ஸ்டிக்கையே நம்பலாமா? ஆழமான பான் மாட்டி, வேறு கம்பெனியின் குழாயும் டிப்ஸ்டிக்கும் போட்டிருந்தால் கோடு எங்கேயோ இருக்கும். கியர்பாக்ஸோடு பான் சேரும் விளிம்பை ஒட்டியே எண்ணெய் மட்டம் நிற்க வேண்டும். அதற்கு மேல் ஏறினால் சுழலும் டிரம்மும் கியர்களும் அதில் முங்கி, முட்டை அடிப்பதுபோல் அடித்து நுரையாக்கிவிடும். நுரைக்கு இடம் அதிகம் வேண்டும். அழுத்தத்தையும் அது தாங்காது. கிளட்ச் வழுக்கும், சூடு ஏறும், சூடு ஏற ஏற நுரையும் கூடும். ஆழமான பான் போட்டவர்கள் ஃபில்டரையும் கீழே இறக்கியிருக்க வேண்டும். அதைச் செய்யாமல், ஃபில்டர் முங்கட்டும் என்று இன்னும் ஒரு லிட்டர் ஊற்றுவதுதான் பல கார்களில் தொல்லையின் தொடக்கம்.

சூட்டின் கணக்கையும் பாருங்கள். டிரான்ஸ்பிரேக் பிடிக்கும்போது முதல் கியரும் ரிவர்சும் ஒரே நேரத்தில் பூட்டிக்கொள்கின்றன. கார் நகராது, இன்ஜினின் சக்தி முழுவதும் கன்வர்ட்டருக்குள் எண்ணெயைச் சூடாக்கவே செலவாகிறது. மொத்தம் 8 லிட்டர் எண்ணெய் 35 டிகிரியிலிருந்து 105 டிகிரிக்குப் போனால் சுமார் 400 மில்லி லிட்டர் விரியும். அதற்கு உள்ளே இடம் வேண்டாமா? நம் ஊர் வெயிலில் இரண்டு சுற்றுகளுக்கு இடையில் எண்ணெய் ஆறுவதும் மெதுவாகத்தான். விசிறி வைத்த தனிக் கூலர் போட்டு, சுற்று முடிந்ததும் விசிறியை ஓட விடுங்கள்.

ஓட்டம் முடிந்த உடனே, இன்ஜின் ஓடும்போது டிப்ஸ்டிக்கை உருவி வெளிச்சத்தில் பிடியுங்கள். குண்டூசித் தலை அளவில் குமிழிகள் ஒட்டியிருந்தால் நுரை. தெளிந்த சிவப்பாக இருந்தால் நுரை இல்லை, பாய்ச்சல் காரணமாக இருக்கலாம். பண்டோங் (ரோஸ் பால்) நிறத்தில் வெளிறியிருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் ஓட்டையாகியிருக்கலாம்; அந்த எண்ணெயோடு இன்னொரு ஓட்டம் ஓடாதீர்கள்.

அளவு அதிகம் என்றால் டிப்ஸ்டிக் குழாய் வழியே கைப்பம்பால் 250 மில்லி லிட்டர் எடுங்கள், ஓடிப் பாருங்கள், தேவைப்பட்டால் மீண்டும் எடுங்கள். புறப்படும்போது இன்ஜின் திடீரென்று சீறினால் அளவுக்கு மேல் எடுத்துவிட்டீர்கள். எண்ணெய் பின்னால் ஓடி, ஃபில்டர் காற்றை உறிஞ்சுகிறது.

அளவு சரி, நுரையும் இல்லை, ஆனாலும் கோட்டில் நிற்கும்போதே கொட்டுகிறது என்றால் பம்ப் கேஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். அது கிழிந்தாலோ விலகினாலோ அழுத்த எண்ணெய் நேரே துளைப் பக்கம் ஏறும். கியர்பாக்ஸை இறக்காமல் இதற்கு வழியில்லை.

கேள்வி: பட்டறையில் ஒருவர் துளையைத் திருகு போட்டு அடைத்துவிடலாம் என்கிறார். அடைக்கலாமா?
*— ஜூரோங் வாசகர்*

பதில்: கூடாது. உள்ளே சேரும் அழுத்தம் அடுத்த பலவீனமான இடத்தைத் தேடும். டிப்ஸ்டிக் எகிறும், இல்லையென்றால் முன் சீல் பிதுங்கி, சொட்டுச் சொட்டாக வந்த எண்ணெய் லிட்டர் கணக்கில் கொட்டும். இந்த எண்ணெய் தீப்பற்றும் வெப்பநிலை 200 டிகிரியை ஒட்டியது. ஹெடர் குழாய் (இன்ஜினின் புகைக்குழாய்) அதைவிட மிக அதிகச் சூடு. பின் டயரில் பட்டால் கார் சுவரை நோக்கிப் போகும். ஓட்டுபவரின் உயிர் சம்பந்தப்பட்டது. ஏற்கெனவே திருகு போட்டிருந்தால் தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள். எண்ணெய் துளையில் வராமல் டிப்ஸ்டிக் குழாயில் மட்டும் வந்தால், துளை ஏற்கெனவே அடைந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: துளையில் வரும் எண்ணெயைப் பிடிக்கும் கேட்ச் கேன் மாட்டுவதற்குச் சரியான முறை என்ன?
*— தெம்பனிஸ் வாசகர்*

பதில்: துளையிலிருந்து ஆறாம் எண் ஏஎன் (AN அளவு முறை) ஹோஸ் போடுங்கள்; உள்விட்டம் சுமார் 9 மில்லி மீட்டர். பழைய சிறு குழாயை எடுத்துவிட்டு மரை வெட்டுவதானால் கியர்பாக்ஸ் பிரித்திருக்கும்போது வெட்டுங்கள். ஓர் உலோகத்தூள் வால்வில் சிக்கினால் போதும், கியர் மாறாது.

ஹோஸ் துளையிலிருந்து கேன் வரை ஏறிக்கொண்டே போக வேண்டும். நடுவில் எங்கும் தொய்வு இருக்கக் கூடாது. தொய்வில் எண்ணெய் தேங்கி வழியை அடைத்துக்கொள்ளும். பின்னால் வரும் காற்று அதை ஒரேயடியாகக் கேனுக்குள் துப்பும். கேன் இன்ஜின் அறையின் பின் சுவரில், கியர்பாக்ஸைவிட உயரத்தில், ஹெடருக்குத் தள்ளி இருக்கட்டும். ஒரு லிட்டர் கொள்ளளவு, உள்ளே தடுப்புத் தகடு, மேலே காற்று வடிகட்டி. ஹோஸ் கேனின் அடியில் சேர்ந்தால் வந்த எண்ணெய் தானே திரும்பி இறங்கும்.

இன்ஜின் காற்றுத்துளையின் கேனோடு இதைச் சேர்க்காதீர்கள். இன்ஜின் எண்ணெயும் பெட்ரோல் ஆவியும் கலந்தது கியர்பாக்ஸுக்குத் திரும்பினால் கிளட்ச் கெடும். டிப்ஸ்டிக்கைப் பூட்டும் வகையாக மாற்றுவதும் அவசியம்.

கேனில் ஒரு ஓட்டத்திற்கு 50 மில்லி லிட்டர் சேர்ந்தால், பிரேக் பாய்ச்சல்தான் என்று எடுத்துக்கொள்ளலாம். கால் லிட்டர் சேர்ந்தால் கேன் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்காதீர்கள். முதல் கேள்விக்கான பதிலை மறுபடி படியுங்கள்.

கேள்வி: வடிந்த பழைய எண்ணெயை என்ன செய்வது?
*— ஈசூன் வாசகர்*

பதில்: சாக்கடையில் ஊற்றாதீர்கள். சிங்கப்பூரில் மழைநீர்க் கால்வாய்கள் பலவும் நாம் குடிக்கும் நீர்த்தேக்கங்களுக்குத்தான் போகின்றன. மூடியுள்ள டப்பாவில் சேர்த்து, உரிமம் பெற்ற கழிவெண்ணெய் சேகரிப்பாளருக்குக் கொடுக்கும் பட்டறையில் ஒப்படையுங்கள். கேனில் சேர்ந்த எண்ணெயைத் திரும்ப ஊற்றலாமா என்று கேட்பவர்களும் உண்டு. கருத்திருந்தாலோ தீய்ந்த வாடை வந்தாலோ கூடாது. அப்போது கியர்பாக்ஸில் உள்ள எண்ணெயையும் சேர்த்தே மாற்றுங்கள்.