சிவப்புக் கோடு எந்தப் பக்கம்?

கேள்வி: ஜெர்மனியில் இருக்கும் அண்ணா தான் பாவித்த யூரோரேக் சிந்தசைசரை அனுப்பியிருக்கிறார். ஒரு பெட்டி, கழற்றித் தனித்தனியாகச் சுற்றிய ஐந்து மொடியூல்கள், ஒரு கட்டு ரிப்பன் வயர். என்னிடம் யமஹா கீபோர்டும் கோயில் திருவிழாக்களுக்குக் கொண்டுபோகும் மிக்சரும் இருக்கின்றன. எதையும் எரிக்காமல் எப்படிப் பூட்டுவது?
- வாசகர், உப்புவெளி, திருகோணமலை

யூரோரேக் என்பது மொடியூல் எனும் தனித்தனிப் பகுதிகளை ஒரு பெட்டிக்குள் பூட்டி, வயர்களால் இணைத்து ஒலி உண்டாக்கும் கருவி. இதன் முன்பக்கத்தில் வயர்களை எப்படி மாற்றிக் குத்தினாலும் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. எரிவதெல்லாம் பின்பக்கத்தில்தான். முதல் நாளை முழுக்கப் பின்பக்கத்துக்கே கொடுங்கள்.

சுவரிலிருந்து தொடங்குவோம். அங்கும் இங்கும் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ்தான். பிளக் மட்டும் வேறு. 13 அம்பியர் சொக்கெட்டின் மேல் ஓட்டையில் பேனையைக் குத்தி மூடியைத் திறந்து, வெளிநாட்டுப் பிளக்கைத் திணிக்கும் பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. உருண்டையான தடித்த ஜெர்மன் பிளக்கை அப்படிச் செருகினால் எர்த் கிடைக்காது. உள்ளே ஒரு வயர் கழன்று உலோகப் பெட்டியைத் தொட்டால் உங்கள் கைதான் எர்த். எர்த் சேர்ந்த அடாப்டர் வாங்குங்கள். பெட்டிக்குள் 230 வோல்ட் போகும் பகுதி இருந்தால் அதை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

அடுத்து, ஒரு மொடியூலும் பூட்டாமல் கரண்டைப் போட்டு மல்டிமீட்டரால் பாருங்கள். யூரோரேக், ஜெர்மனியின் டோப்ஃபர் நிறுவனம் 1990களின் நடுவில் வகுத்த முறை. அதன் 16 ஊசி இணைப்பில் ஊசிகள் ஜோடி ஜோடியாக நிற்கும்: முதல் ஜோடி -12 வோல்ட், அடுத்த மூன்று கிரவுண்ட் (0 வோல்ட்), ஐந்தாவது +12, ஆறாவது +5. கறுப்பு முனையைக் கிரவுண்டில் வைத்து +12, -12 ஊசிகளை அளந்தால் 11.8க்கும் 12.2க்கும் இடையில் காட்ட வேண்டும். முனை வழுக்கி இரண்டு ஊசிகளைச் சேர்த்துத் தொட்டால் ஷோர்ட் ஆகும், கையை மேசையில் ஊன்றிக்கொண்டு அளவுங்கள்.

இப்போது ரிப்பன் வயர். அதன் ஓரத்தில் ஓடும் சிவப்புக் கோடு -12 வோல்ட் பக்கம். மொடியூலின் பலகையிலும் பெட்டியின் பலகையிலும் "-12" என்றோ ஒரு கோடாகவோ குறி இருக்கும். இரண்டு முனையிலும் சிவப்பு அந்தக் குறியை நோக்க வேண்டும். 10 ஊசி வயர் தலைகீழாகப் போனால் +12உம் -12உம் இடம் மாறி, தலைகீழ்க் கரண்டைத் தடுக்கும் பாதுகாப்பு டயோட் இல்லாத மொடியூலில் ஐசி (சில்லு) போய்விடும். 16 ஊசி வயர் தலைகீழானால் இன்னும் மோசம்: அந்த மொடியூலின் கிரவுண்ட் வழியாக +12உம் +5உம் ஒன்றுசேர, 5 வோல்ட்டில் ஓடும் மற்ற மொடியூல்களும் அடிவாங்கும். ஊசிகளைச் சுற்றிப் பிளாஸ்டிக் கூடு இல்லாத இடத்தில் ஒரு வரிசை தள்ளிக் குத்துவதும் அடிக்கடி நடக்கிறது. டோர்ச் அடித்து, வெளியே ஊசி மிஞ்சி நிற்கிறதா என்று பாருங்கள். அண்ணா கட்டி அனுப்பியதில் கையால் அழுத்திச் செய்த வயர் ஏதும் இருந்தால் கோட்டை மட்டும் நம்ப வேண்டாம். மல்டிமீட்டரை பீப் நிலையில் வைத்து முனைக்கு முனை பாருங்கள்.

பூட்டும் முன் ஒரு கூட்டல். ஒவ்வொரு மொடியூலும் எத்தனை மில்லி அம்பியர் இழுக்கிறது என்பது அதன் கையேட்டில் இருக்கும். +12, -12, +5 மூன்றையும் தனித்தனியாகக் கூட்டுங்கள். +12இல் 80, 50, 40, 30, 100 என்று வந்தால் மொத்தம் 300; பவர் சப்ளை குறைந்தது 400 தர வேண்டும். இழுத்துப் பிடித்தால் சப்ளை சூடாகும், ஓன் செய்யும்போது சில மொடியூல்கள் எழும்பாது.

பிறகு ஒவ்வொன்றாக: கரண்டை நிறுத்தி, விளக்குகள் அணைந்த பின் ஒன்றைப் பூட்டி, போட்டுப் பார்த்து, நிறுத்தி, அடுத்தது. கருகல் மணம் வந்தால் உடனே பிளக்கைக் கழற்றுங்கள். முகப்பைப் பிடிக்கும் சின்ன ஸ்க்ரூ ஒன்று கைதவறி உள்ளே விழுந்தால் அதை எடுக்காமல் சுவிட்சைத் தொடக்கூடாது.

மிக்சருக்குப் போவோம். மொடியூல் ஒலி உச்சிக்கும் பள்ளத்துக்கும் இடையே 10 வோல்ட் வரை வரும். லைன் உள்ளீடுகள் எதிர்பார்ப்பது ஏறக்குறைய ஒன்று முதல் மூன்றரை வோல்ட். எனவே ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் வீசிஏ மொடியூலையோ அவுட்புட் மொடியூலையோ நன்றாகக் குறைத்து, மிக்சரின் கெயினைப் பூச்சியத்தில் வைத்து, 3.5 மில்லிமீட்டரிலிருந்து 6.35க்குப் போகும் மோனோ வயரால் லைன் உள்ளீட்டில் குத்துங்கள். மைக் சொக்கெட் வேண்டாம். அங்கே மைக்குக்காக மிக்சர் அனுப்பும் 48 வோல்ட் பான்டம் பவர் போட்டிருந்தால் அது திரும்பி மொடியூலுக்குள் வரும். சாதாரண மொடியூலில் ஹெட்போனை நேரே குத்தாதீர்கள். காது ஒன்றுதான் மாற்ற முடியாத பொருள்.

யமஹா கீபோர்டின் பின்னால் ஐந்து ஓட்டை உள்ள வட்ட மிடி அவுட் (அழுத்திய சுரத்தைத் தகவலாக வெளியே அனுப்பும் சொக்கெட்) இருந்தால், மிடியை வோல்ட்டாக மாற்றும் மொடியூல் ஒன்று போதும். யூஎஸ்பி மட்டும் இருந்தால் இடையில் யூஎஸ்பி ஹோஸ்ட் கருவி தேவை. சுருதி, ஒரு ஸ்தாயிக்கு 1 வோல்ட் என்று நடக்கும், அதாவது ஒரு அரைச்சுரம் 83 மில்லி வோல்ட். சுரத்தை உண்டாக்கும் அனலொக் ஒசிலேட்டர் மொடியூல் வெப்பத்தில் சுருதி நழுவும். அரை மணி நேரம் ஓடவிட்டபின் சுருதி சேருங்கள், மின்விசிறியை நேரே அதன்மேல் திருப்ப வேண்டாம்.

கடற்கரை வீட்டில் உப்புக் காற்று ஜாக்குகளைக் கறுக்க வைக்கும். பாவிக்காத வேளையில் பெட்டியை மூடி, சிலிக்கா ஜெல் பைகளை உள்ளே போட்டு வையுங்கள். மாரி மழையோடு இடி கேட்டால் சுவிட்சை நிறுத்தினால் போதாது. பிளக்கையே சுவரிலிருந்து இழுத்துவிடுங்கள், மிக்சரினதையும் சேர்த்து.